தோற்ற டீமிடம் சொன்ன பொய்

1. கரி பஸ்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திண்டுக்கல்லில் ஒரு கிளப்போடு டென்னிஸ் மேட்ச். எங்கள் டீமில் இரண்டு ஜோடி. இரண்டும் சேர்ந்து ஆடியது நாலு செட். நாலும் ஆறு-பூஜ்யம். இருபத்துநாலு கேமில் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நான் ஆட்டக்காரன் இல்லை, மார்க்கர். மதுரை ஆரப்பாளையம் பக்கம் ஒரு மில் ஆபீஸ் குமாஸ்தாக்களின் கிளப்பில் சம்பளத்துக்கு இருந்தேன். செம்மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து ரோலர் இழுப்பேன். சுண்ணாம்புக் கோடு போடுவேன். மெம்பர்கள் பழகும்போது எதிரே நின்று பந்து அடித்துக் கொடுப்பேன். மேட்சில் மார்க்கர் ஆடக் கூடாது. வெளியே நின்று பார்க்கத்தான் முடியும்.

திரும்பி வந்தது, பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடும் பஸ்ஸில். ஏற்றத்தில் நின்று நின்றுதான் போகும். முதல் ஜோடியில் ஆடியவர்கள் சுப்பையாவும் குபேந்திரனும். சுப்பையா எழுமலைக்காரர், டைம் ஆபீஸ், டீமுக்குக் கேப்டன். குபேந்திரன் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை, சாய ஸ்டோரில் குமாஸ்தா. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காமல் நான் சொன்னேன்:

"நல்லாத்தான் ஆடுனீங்க சார். காத்துதான் சரியில்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். "காத்து அவங்களுக்கும் அதே காத்துதானேண்ணே? நீங்களும் பொய் சொன்னா நாங்க யார்கிட்ட கேக்குறது?"

எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது.

2. மூன்று வாரம்

மறுநாள் கிளப் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். "மில்லுல பஞ்சு பேல் அடுக்க இடம் பத்தலைங்குறாங்க. கோர்ட்டைக் கேக்குறாங்க. மூணு வாரத்துல திண்டுக்கல்காரங்க இங்க வாராங்க. அதுலயும் இப்படித்தான்னா, எந்த முகத்தோட நான் கோர்ட்டு வேணும்னு கேக்க?"

கோர்ட் போனால் என் வேலையும் போகும். ஆனால் அதைவிட, குபேந்திரன் பழக வராததுதான் என்னை உறுத்தியது. சாயப் பகுதியில் ஆட்கள் "எத்தனை முட்டை சார்?" என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். இனி ராக்கெட்டைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். தெரு நெடுக நூல் காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய அம்மா தங்கள் பாஷையில் உள்ளே ஏதோ சொல்லிவிட்டு, என்னிடம் தமிழில், "நல்லா திட்டுங்க அவனை. சோறே சரியா எறங்கல" என்றார்.

குபேந்திரன் வந்து உட்கார்ந்தார். "ஆறுதல் சொல்ல வந்தீங்களா?"

"இல்ல சார். திண்டுக்கல்ல நீங்க ஏழு டபுள் ஃபால்ட் போட்டீங்க. ரெண்டாவது சர்வீஸ் போடும்போது பந்தைப் பாக்கல, வேடிக்கை பாக்குற ஆளுகளைப் பாத்தீங்க."

அவர் முகம் சுருங்கியது. "எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

"அதுக்குத்தான நிக்கிறேன். இன்னொண்ணும் பாத்தேன். உங்க பேக்ஹேண்டுக்கு அவங்க எம்புட்டு வேகமா அடிச்சாலும் பந்து திரும்பிப் போச்சு. ரெண்டாவது செட்டுல அந்தப் பக்கம் அடிக்கிறதையே விட்டுட்டாங்க."

குபேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "நெசமாவா?" என்றார். முதலில் கசப்பைச் சொன்னதால்தான் அடுத்ததை அவர் நம்பினார். மறுநாள் மில் சங்கு ஊதுவதற்கு முன்பே கோர்ட்டுக்கு வந்துவிட்டார்.

புதுப் பந்து எங்கும் கிடைக்காத காலம். ரோமம் உதிர்ந்து மொட்டையான பந்துகளை வைத்தே பழகினோம். அப்போது இன்னொன்று கண்ணில் பட்டது. குபேந்திரன் தப்பு செய்தால் சுப்பையா "ச்சே!" என்பார். சுப்பையாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சார், நீங்க ச்சேங்குற ஒவ்வொரு தடவையும் அவரு அடுத்த பந்தை நெட்டுல போடுறாரு."

"நான் அவரைச் சொல்லல. என்னையே சொல்லிக்கிறேன்."

"அது அவருக்குத் தெரியாதே சார்."

சுப்பையா பெரிய கோபக்காரர். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள், ச்சே வாயில் வராதபடி துண்டின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆடினார்.

3. நம்ம கோர்ட்

மேட்ச் அன்று மில் ஆட்கள் வேலி முழுக்க நின்றார்கள். பாதிப் பேர் சிரிக்க வந்தவர்கள். எங்கள் இரண்டாவது ஜோடி முதலில் ஆடித் தோற்றது. சுப்பையாவும் குபேந்திரனும் முதல் செட்டை ஆறு-இரண்டில் விட்டார்கள். இரண்டாவது செட் ஐந்துக்கு ஐந்து வரை போனது. அதைப் பிடித்து ஏழு-ஐந்தில் எடுத்தார்கள். வேலியில் சிரிப்பு நின்று விசில் பறந்தது.

மூன்றாவது செட்டில் நாலு-ஐந்து. குபேந்திரன் சர்வீஸ். டபுள் ஃபால்ட் போட்டார். எதிராளிக்கு மேட்ச் பாயின்ட், இன்னும் ஒன்று போனால் ஆட்டம் முடிந்தது. சுப்பையா நெட்டிலிருந்து திரும்பி நடந்து வந்தார். பந்தைக் கையில் கொடுத்து, "அவசரமில்ல மாப்ள. போடுங்க" என்றார்.

குபேந்திரன் வேலிப் பக்கம் பார்க்கவில்லை. அடுத்த சர்வீஸ் கோட்டின் மேலேயே விழுந்தது. பந்து ஏழெட்டுத் தடவை போய் வந்தது. கடைசியில் சுப்பையா அடித்தது ஒரு சாண் வெளியே போயிற்று. தோற்றுப்போனோம்.

நெட்டில் கைகொடுக்கும்போது திண்டுக்கல் கேப்டன், "அடுத்த மாசம் எங்க ஊருக்கு வாங்க" என்றார். சுப்பையா செக்ரட்டரியைப் பார்க்கக்கூட இல்லை. "கட்டாயம் வாரோம்" என்று சொல்லிவிட்டார்.

செக்ரட்டரி என்னிடம் வந்தார். "மார்க்கர், இவங்க தேறுவாங்களா?"

"இந்த வருஷம் ஜெயிக்க மாட்டாங்க சார்," என்றேன். "ஆனா விட மாட்டாங்க."

பஞ்சு பேலுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி மில்லில் சொல்லிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

4. ஒத்தக்கடை

அவர்கள் முதன்முதலாக ஜெயித்த மேட்சை நான் பார்க்கவில்லை. காய்ச்சலில் ஒத்தக்கடையில் வீட்டோடு கிடந்தேன். சாயங்காலம் வாசலில் சைக்கிள் மணி. வெள்ளைக் கால்சட்டை முழுக்கச் செம்மண்ணோடு இரண்டு பேரும் நின்றார்கள். ஜெயித்தோம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேமாகச் சொன்னார்கள். எங்கே பயந்தோம், யார் எதைக் கோட்டைவிட்டோம், எது அதிர்ஷ்டத்தில் விழுந்தது, எல்லாம். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுத்தார்.

மார்க்கர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தோற்றவனுக்குத் தைரியம் வரவேண்டும் என்றால், அவன் ஆட்டத்தைக் கண்ணெடுக்காமல் பாருங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.