அச்சில் உட்காராத சக்கரம்

என் மாமனாருக்குச் சக்கரங்கள்தான் பிழைப்பு. மருத்துவமனைக்குப் பின்தெருவில் ஒற்றை அறைக் கடை. தள்ளுவண்டி, குழந்தை வண்டி, நோயாளிகளின் சக்கர நாற்காலி, எது வந்தாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். வாய் மட்டும் ஓயாது. "உங்கப்பா வாய்க்கும் ஒரு பிரேக் மாட்டச் சொல்லுங்க" என்று கணவரிடம் நான் எரிந்து விழுந்ததுண்டு.

அத்தை போன பிறகு அந்த வாய் அடைத்துப்போயிற்று. பக்கவாதத்தில் விழுந்து நான்கு வருடம் சக்கர நாற்காலியிலேயே இருந்தவர் அத்தை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு மாமா தலையாட்டினாரே தவிர, அழவில்லை. "கல்நெஞ்சுக்காரன்" என்று அவர் தங்கையே முணுமுணுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போவதை அவள் எங்கே பார்த்தாள்? இப்படியே விட்டால் இவரையும் பறிகொடுப்போம் என்று பயந்தேன்.

நான் அகராதி அலுவலகத்தில் பிழை திருத்துகிறவள். அந்த வாரம் 'துக்கம்' என் மேசைக்கு வந்தது. வடமொழிச் சொல். அதன் பிறப்பு பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு சாரார் கணக்கில் அது கெட்ட துளை. வண்டிச் சக்கரத்தின் நடுவே அச்சு சரியாக உட்காராத துளை. பேச்சுக் கொடுக்க ஒரு சாக்குக் கிடைத்ததென்று நேராகக் கடைக்குப் போனேன்.

அத்தையின் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொல்லி, "துளை கெட்டா வண்டி நின்னுடுமா மாமா?" என்றேன்.

"நிக்காதும்மா. ஓடும். தள்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் இடுப்பு விட்டுப் போகும்."

நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்து அசைத்தார். லொடலொடவென்று ஆடியது.

"வேற யாருக்காவது குடுக்கலாம்னு அவ போனப்புறம் தொடச்சேன். அப்பதான் பாத்தேன். ஊர் சக்கரமெல்லாம் பாக்கறவன் இதப் பாக்கல. நான்தான் வாய் மூடாம பேசிக்கிட்டே தள்ளுவேனே, சத்தம் எங்க கேக்கும்?"

"அத்தை என்கிட்டயும் சொல்லலையே மாமா."

"எப்பவும் என் கையில யார் வண்டியாவது இருக்கும். தொந்தரவு வேணாம்னு இருந்திருப்பா."

முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினார். எனக்கும் தாங்கவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அஞ்சு நிமிஷ வேலைம்மா" என்றார்.