பி.எஃப். கல்யாணம்

அத்தையின் கல்யாணத்துக்கு ஐம்பது பத்திரிகை அடித்தோம். தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை என்று ஒருவர் கிடையவே கிடையாது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு சொல்தா வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்காரருக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். பென்ஷன் வந்த வாரம் முன்கட்டிலிருந்து கறி வறுபடும் வாசனையும் வரும். "உக்காந்த எடத்துக்குத் தேடி வருது பாரு" என்பாள் அம்மா. அப்பா காதில் விழுகிற அளவுக்குக் குரலை வைத்துத்தான் சொல்வாள்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நூற்பு இயந்திரத்தில் வேலை. அவருக்கு பென்ஷன் எல்லாம் கிடையாது, பி.எஃப். இருந்தது. மாசாமாசம் சம்பளத்தில் பிடித்து எங்கோ சேர்த்து வைத்து, மில்லைவிட்டு வெளியே வரும்போது கையில் கொடுப்பார்கள் என்று சொல்லப்பட்ட பணம். எங்கள் வீட்டில் நகை இல்லை, நிலம் இல்லை, அம்மா கட்டிய ஏலச்சீட்டும் பாதியில் நின்றுபோயிருந்தது. ஆகவே சொத்து என்றால் இந்த ஒன்றுதான். இதையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு துண்டுத் தாள் வரும். அதில் உள்ள தொகையை அத்தைதான் படித்துச் சொல்வாள். அப்பா காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார், இரண்டாவது தடவையும் படிக்கச் சொல்வார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அப்பாவைப் பெற்றவர்கள் போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். அந்தத் துண்டுத் தாளில் பாதி அத்தை கல்யாணத்துக்கு, பாதி அப்பாவும் அம்மாவும் வயசான காலத்தில் கஞ்சி குடிக்க. இதைப் பற்றி வீட்டில் இரண்டு பேச்சு கிடையாது.

அந்த வருஷம் மில்லில் லே-ஆஃப் விட்டார்கள். வேலை இல்லை, பாதிச் சம்பளம். அந்தப் பாதிக்கும் தினமும் மில் கேட்டுக்குப் போய் வந்தேன் என்று பதிந்துவிட்டு வர வேண்டும். அப்பா விடியற்காலை டிபன் கேரியரை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவார். பத்து மணிக்கு அதே கேரியரோடு திரும்பி வருவார். உட்கார்ந்து அதைத் திறப்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். மில்லுக்குப் போய் வந்த சோறு என்று எனக்கு அது ஒரு விசேஷமாக இருந்தது. அப்பா நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வார். வேலை செய்த நாட்களில்கூட அவர் இவ்வளவு களைத்து நான் பார்த்ததில்லை.

நாலாவது மாதம் மளிகைக்கடை அண்ணாச்சி நான் கொண்டுபோன பையைக் காலியாகவே திருப்பிக் கொடுத்தார். "அப்பாவ ஒரு நட வந்துட்டுப் போகச் சொல்லு" என்றார். அப்பா போகவில்லை.

அன்று சாயங்காலம் மில் மாமா வந்தார். அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர், சொந்தம் எல்லாம் இல்லை. எங்கே போனாலும் ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வருவார்.

"பி.எஃப்.ல அட்வான்ஸ் போடு மச்சான்."

"இன்னான்னு போடறது?"

"வூடு கட்டறேன்னு போடலாம், உனக்கு மனை இல்ல. பெரிய வியாதின்னு போடலாம், டாக்டர் எழுதித் தரணும். கல்யாணம்னா தொல்லையே இல்ல. பத்திரிகை ஒண்ணு போதும், உன் பங்குல பாதி வரைக்கும் குடுப்பான். போன மாசம் எந் தங்கச்சிக்குப் பண்ணலியா?"

"உன் தங்கச்சிக்கு நாலு புள்ள ஆச்சேடா."

"அஞ்சு. ஆனா இன்னா, பணம் வந்துச்சில்ல?"

சாப்பாட்டுக்கு இல்லை என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. அது பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு மாமாவின் சாமர்த்தியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "அவ கல்யாணத்துக்கு வெச்சிருக்கற காசு அது. இப்ப எடுத்துத் துன்னுட்டு, நாளைக்கு ஒரு எடம் வந்தா எங்க போயி நிப்பீங்க?"

"மில்லு தொறந்தா மறுபடி ஏறிடும்" என்றார் அப்பா. யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

அத்தையை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை, அவள் அதே அறையில்தான் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "போட்டுக்க அண்ணா. பேருதான" என்றாள்.

என் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மாமாவிடம் கொடுத்தேன். அவர் பத்திரிகை வாசகம் எழுதத் தொடங்கினார்.

"மாப்ள பேரு முருகேசன்னு வெச்சுக்குவோம். தெருவுக்கு ரெண்டு முருகேசன் கீறான், எவனும் சண்டைக்கு வரமாட்டான்."

"முருகேசன் வேணாம்" என்றாள் அத்தை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "பொய்க்குப் போடறதுதான. கொஞ்சம் நல்ல பேரா போட்டா இன்னாவாம்."

"சந்திரசேகரன்!" என்று நான் கத்தினேன். எங்கள் வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவன் பெயர். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமா எழுதிக்கொண்டார்.

"வேல? நம்ம மில்லுன்னே போட்டுடலாமா?"

"மில்லு வேணாம்." அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பென்ஷன் வர்ற வேலையா போடுங்க."

அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாதான் தொடையில் தட்டிச் சிரித்தார். "பேப்பர் மாப்ளைக்கே இவ்ளோ கண்டிஷனா! நெஜ மாப்ள வந்தான்னா செத்தான்யா!" எல்லோரும் சிரித்தார்கள். சந்திரசேகரன் அந்த நிமிஷமே மின்துறையில் வேலைக்குச் சேர்ந்தார். திண்டிவனத்துக்காரர் என்று ஒரு ஊரையும் கொடுத்தோம். அடுத்த மாதம் ஒரு வளர்பிறை முகூர்த்தம், மணமகள் இல்லத்தில்.

அச்சகத்தில் ஒரே ஒரு பத்திரிகை அடித்துத் தரமாட்டார்களாம். எழுத்துக் கோக்கிற கூலிக்காவது ஐம்பது அடிக்க வேண்டும் என்றுவிட்டார்கள். ஐம்பதும் வந்தன. பார்க்க நிஜம் போல இருக்க வேண்டும் என்று அம்மா ஒன்றின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். தடவியதும் அவளுக்கு என்ன தோன்றியதோ, அதைச் சாமி படத்தின் முன்னால் சற்று நேரம் வைத்து எடுத்த பிறகுதான் அப்பாவிடம் கொடுத்தாள். மிச்சத்தையும் விடாமல் ஒவ்வொன்றிலும் மஞ்சள் தொட்டு வைத்தாள்.

"அதுங்கள அடுப்புல போட்டுடு" என்றார் அப்பா.

"நல்லா கீது ஞாயம். சாமி பேரு போட்டிருக்கு, ஒரு கன்னிப்பொண்ணு பேரு போட்டிருக்கு. அத அடுப்புல வெப்பாங்களா?" என்று சொல்லி நாற்பத்தொன்பதையும் அரிசி டின்னில் வைத்து மூடினாள். டின் காலியாகத்தான் இருந்தது.

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. எனக்கோ ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் கால் தரையில் நிற்காது. என் நோட்டுத் தாளில் எழுதி, நான் பெயர் வைத்து, அச்சில் வந்த ஒன்று டின்னுக்குள் கிடக்கிறது! இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். பெரியவர்கள் செய்வதைப் போல இரண்டு கையாலும் நீட்டி, "அத்தை கல்யாணம். அவசியம் வந்துடணும்" என்றேன்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "கரண்டு ஆபீசா! பெரிய எடமாத்தான் புடிச்சிருக்கான் உங்கப்பன். ஒரு வார்த்த சொல்லலியே! இதுக்குச் சேத்து வெச்சிக்கிட்டுத்தான் நம்மகிட்ட கைய இறுக்கறானா?" என்றவர், நான் கேட்காமலேயே அரிசி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய் எல்லாம் போட்டுக் கொடுத்தார். "கல்யாணச் சாமான் லிஸ்டு நம்ம கடையிலதான்னு சொல்லு, என்னா?"

பை கனத்தது. தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அம்மா பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள். தோசைத் திருப்பியால் முழங்காலில் ஒன்று விழுந்தது. பிறகு வெகுநேரம் பையின் எதிரில் நின்றாள். திருப்பிக் கொடுத்து அனுப்புவாள் என்று நினைத்தேன். உலை வைத்தாள். அன்றைக்குப் பல நாளைக்குப் பிறகு சாம்பார். எல்லோரும் இப்படி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுகிறார்களே, அடி மட்டும் எனக்கா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணாச்சி நோட்டும் பென்சிலுமாக வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா கேட்டுக்குப் போயிருந்தார். அத்தை தையலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"தள்ளிப் போயிருக்குங்க அண்ணாச்சி. மாப்ளையோட பெரியப்பா தவறிட்டாரு."

"அடடா. வயசானவரா?"

"வயசானவருதான். இருந்தாலும் ஒரு வருஷம் போவணும்ங்கறாங்க."

"போவட்டும் போவட்டும். நல்ல எடம்தான?"

"நல்ல எடம்" என்றாள் அத்தை. "கவுருமெண்டு வேல. பென்ஷன் உண்டு. குடி, பீடின்னு ஒண்ணும் கெடையாது. கொஞ்சம் கூச்சப்படறவரு."

குடியும் கூச்சமும் பத்திரிகையில் இல்லாத விஷயங்கள். அத்தை எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறாள் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"வுட்டுடாதம்மா" என்றார் அண்ணாச்சி.

பணம் அடுத்த மாதம் வந்தது. பாதிக்குமேல் அண்ணாச்சிக்குப் போயிற்று. வீட்டுக்காரச் சொல்தாவுக்கு வாடகை பாக்கி. எனக்கு ஒரு ஜோடி செருப்பு. மிச்சத்தை அரிசியாகவும் பருப்பாகவும் சாப்பிட்டோம். மில் முழுதாகத் திறக்க அதற்குப் பிறகும் மூன்று மாதமாயிற்று.

இரண்டு வருஷம் கழித்து, மூலக்குளத்திலிருந்து நிஜமாகவே ஒரு இடம் வந்தது. சொந்தமாக சைக்கிள் கடை வைத்திருந்தவர். விரல் நகத்தில் கிரீஸ் போகாமல் இருந்தது. அதை மறைக்க, காபி டம்ளரைத் துண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மூன்று சவரன் போட்டு, கல்யாணச் செலவைப் பெண் வீட்டில் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் அவருடைய அம்மா. அத்தை அவருக்குப் பென்ஷன் உண்டா என்று யாரிடமும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் யாரும் சொல்லாமலே தலையில் பூ வைத்துக்கொண்டாள்.

அப்பா மறுநாளே மில் ஆபீசுக்குப் போனார். போனதுபோலவே திரும்பி வந்தார். பிறகு இரண்டு மூன்று இடத்தில் வட்டிக்குக் கேட்டுப் பார்த்தார், அடமானத்துக்கு என்ன இருக்கிறது என்றார்கள். மூலக்குளத்துக்காரர்கள் தை வரைக்கும் காத்திருந்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அதெல்லாம் பின்னால். அப்பா திரும்பி வந்த அந்தச் சாயங்காலம் வீட்டில் ஒரே சிரிப்பு.

குமாஸ்தா லெட்ஜரைப் புரட்டினாராம். புரட்டிவிட்டு, "யோவ், உன் தங்கச்சிக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சேய்யா" என்றாராம்.

"வேற தங்கச்சி கீதான்னாரு. இல்ல சார்ன்னேன். பொண்ணு கீதான்னாரு. பன்னண்டு வயசு சார்ன்னேன். அப்ப ஆறு வருஷம் கழிச்சு வான்னுட்டாரு" என்று அப்பா குமாஸ்தாவைப் போலவே மூக்கின் நுனியில் கண்ணாடியை இறக்கிக் காட்டினார். கூட வந்திருந்த மில் மாமா, "அந்தக் கரண்டு ஆபீசுக்காரன அத்து வுட்டாத்தான் மச்சான் அடுத்தது" என்றார்.

அத்தைதான் முதலில் சிரித்தாள். பிறகு அப்பா, பிறகு மாமா. அம்மா மட்டும் ஏதோ வேலை இருப்பதுபோல அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் தரையில் புரண்டு சிரித்தேன். ஆபீஸ் கணக்குப்படி எங்கள் அத்தை கல்யாணமானவள்! அத்தைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே, "போதும்டி, வயிறு வலிக்கப் போவுது" என்றாள் என்னைப் பார்த்து.

இவ்வளவு நல்ல வேடிக்கையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியுமா? மறுநாள் இடைவேளையில் வகுப்பில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, பத்திரிகையிலிருந்து குமாஸ்தாவின் கண்ணாடி வரைக்கும் நடித்துக் காட்டினேன். சொல்லி முடித்துவிட்டு நான்தான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. எங்கேயோ ஒரு இடத்தை விட்டுவிட்டுச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவது தடவை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.