வெளுக்காத ஒரு படம்

என் கல்யாண அல்பத்தில் என்னைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மணவறையில் என் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு, என் புருஷனுக்குப் பக்கத்தில், கோதுமை மா பூசிய முகத்தோடு யாரோ ஒருத்தி இருக்கிறாள். அவளை உண்டாக்கியவர் வின்சன் அண்ணை. முள்ளியவளையில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறார். மீள்குடியேறி வந்தபிறகு இந்தப் பக்கத்தில் கல்யாணம் கட்டிய பெண்களில் முக்கால்வாசிப் பேர் அவர் கையால் வெள்ளையானவர்கள்.

நான் அப்போதே சண்டை பிடித்தேன்.

"தங்கச்சி, இதுக்குத்தான் சனம் என்னட்ட வருது," என்றார் அவர். "கறுப்பா விட்டனெண்டால் பொம்பிளையின்ர தாய் அல்பத்தைத் திருப்பித் தந்திடுவா."

அது பொய்யில்லை. என் அம்மா அந்த அல்பத்தைப் பார்த்து உச்சி குளிர்ந்து போனார். கோபம் எனக்கு மட்டும்தான். பன்னிரண்டு வருடமாக அது ஆறவில்லை.

வின்சன் அண்ணை முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் கறுப்பு, மனைவி ஜெயரூபினி அக்காவும் கறுப்பு. சொன்ன நேரத்துக்கு வருவார், யாரோடும் முகம் முறிக்கமாட்டார். கல்யாண வீடுகளுக்கு அக்காவும் கூடவே வருவார். டெங்குக் காய்ச்சலில் அக்கா இறந்து இந்த வருடத்தோடு பத்து வருடம். அதற்கான திருப்பலிக்கு நினைவு அட்டை அடிக்கவேண்டும். ஸ்ரூடியோச் சுவரில் மாலை போட்டிருக்கும் அக்காவின் படத்தையே அண்ணை அதற்கு எடுத்துவைத்தார்.

மகள் நிறஞ்சனா மறுத்துவிட்டாள். வவுனியாவில் கம்பஸ் படிக்கிற பிள்ளை, அதிகம் பேசமாட்டாள்.

"இது அம்மா இல்லையப்பா," என்றாள். "இதை அடிச்சியளெண்டால் நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

வேறு படம் இல்லை. யுத்தத்துக்கு முந்தியவை இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டன. பிறகு எடுத்தவை அத்தனையையும் அண்ணை பாசத்தோடு வெளுத்து வைத்திருந்தார். கொம்பியூட்டரில் இடம் போதாமல், வெளுக்காதவற்றை அழித்தும்விட்டார். திருப்பலிக்கு ஒரு மாதம் இருந்தது. தகப்பனும் மகளும் ஒரே வீட்டில் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

அந்த மாதத்தில்தான் எங்கள் திரைப்பட விழா வந்தது. நான் நூலகத்தில் வேலை செய்கிறேன். நாங்கள் ஏழெட்டுப் பேர் வருடத்துக்கு ஒருமுறை மண்டபத்தில் படம் போடுவோம். இம்முறை கறுப்பின இயக்குநர்களின் விழா: ஆபிரிக்கா, பிரேசில், லண்டன், அமெரிக்கா என்று மூன்று நாளில் ஏழு படங்கள். நிறஞ்சனாவும் நானும் இருந்து வசனங்களுக்குத் தமிழில் எழுத்துப் போட்டோம். புரொஜெக்டர் வின்சன் அண்ணையிடம்தான் இருந்தது.

"காப்பிலிப் படமோ?" என்று கேட்டபடி வந்தார்.

"அந்தச் சொல்லை வெளியில விட்டிட்டு உள்ள வாங்கோ அண்ணை," என்றேன்.

உள்ளே வந்து வயர்களைப் பொருத்தினார்.

முதல் படம் மேற்கு ஆபிரிக்காவின் ஒரு கடற்கரையில் நடந்தது. கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. மனைவி கருவாடு காயவைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பத்து நிமிடம் போயிருக்கும், கடல் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்தது. அவள் முகம் சாம்பல் பூத்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணை றிமோட்டை அமர்த்தி வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"முகம் இருட்டாக் கிடக்கு. சனம் பேசப்போகுது."

"ஒருத்தரும் பேசேல்லை. ஊரைத்தான் வெளுத்தியள், இந்த மனிசியையாவது விடுங்கோ."

றிமோட்டைப் பறித்து எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். முகம் திரும்பி வந்தது. நெற்றியில் வியர்வை, கண்ணுக்குக் கீழே உப்புப் படிந்த கோடு, எல்லாம் தெரிந்தன. அண்ணை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டேன் என்பது அப்போதே எனக்கு உறைத்தது.

இரண்டாம் நாள், ஒரு கறுப்பினப் பெண் இயக்குநர் எங்களுக்கென்று பதிவு செய்து அனுப்பியிருந்த உரையைப் போட்டோம். பழைய ஃபிலிம் வெள்ளை முகங்களுக்குப் பொருத்தமாக அளந்து செய்யப்பட்டது என்று அவர் சொன்னார். எங்கள் முகத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டக்கூடாது, திருப்பவேண்டும் என்றார். ஒரு விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தியும் காட்டினார். மூலையில் இருந்த அண்ணை கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அது அவருடைய தொழில். வேறு யாரையும்விட அவருக்குத்தான் அது முழுதாக விளங்கியது.

உரை முடிந்து, எங்களுக்குள்ளேயே கேள்வி நேரம். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத அண்ணை எழும்பினார்.

"ஒருக்கா வெளுத்துப்போட்டால், அழிஞ்சுபோனது திரும்பி வருமோ?"

அவர் திரையைப் பார்த்துத்தான் கேட்டார். திரையில் யாரும் இல்லை. நிறஞ்சனா குனிந்துகொண்டாள். மூன்றாம் நாள் முழுதும் அவர் றிமோட்டைத் தொடவில்லை.

மறுநாள் காலை லாப்டொப்பும் கையுமாக நூலகத்துக்கு வந்தார். சுவரில் இருந்த படத்தைக் கறுப்பாக்கிப் பார்த்திருக்கிறார்.

"மண் அப்பினமாதிரி வருது, சாரங்கா. முகத்துக்குள்ள ஒண்டும் மிச்சமில்லை." லாப்டொப்பை என் பக்கம் திருப்பினார். "அவவின்ர நிறம் என்ன மாதிரியெண்டு உமக்கு ஞாபகமிருக்கோ? எனக்கு இந்தப் படம்தான் கண்ணுக்குள்ள வருது."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. பன்னிரண்டு வருடக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? பாவமாக இருந்தது. மாநிறம், கறுப்பு என்று வாயால் சொல்லலாம். அதை வைத்து அவர் என்ன செய்வார்? அக்காவைக் கடைசியாகக் கிட்ட நின்று பார்த்தது எப்போது என்று யோசித்தேன். என் கல்யாணத்தன்றுதான். எனக்கு லைட் பிடித்தவர் அவர்தான்.

மத்தியானம் வீட்டுக்கு ஓடி, அலுமாரியின் மேல்தட்டில் இருந்து அல்பத்தை இறக்கினேன். தாலிகட்டுப் பக்கம். நடுவில் வெள்ளையாய் நான். வலது ஓரத்தில், லைட்டைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி ஜெயரூபினி அக்கா. படம் எடுத்தவருக்குப் பொம்பிளையும் மாப்பிள்ளையும்தான் கணக்கு. ஓரத்தில் நின்றவரை அவர் தொடவே இல்லை. வெளிச்சம் முழுதும் எங்கள் பக்கம் விழ, நிழலில் தன் நிறத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்காகவே எத்தனை தடவை அந்தப் பக்கத்தைத் திறந்திருப்பேன். ஒருநாளும் ஓரத்தைப் பார்த்ததில்லை.

அண்ணை அந்தப் பக்கத்தை ஸ்கான் பண்ணினார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"உம்மட முழங்கையும் விழுகுது. வெட்டட்டோ?"

"கிடக்கட்டும்," என்றேன்.

திருப்பலி முடிந்து சனம் வெளியே வந்தபோது கோயில் வாசலில் நிறஞ்சனா நின்றாள். அட்டைக் கட்டு அவள் கையில்தான் இருந்தது. ஒவ்வொருவருக்கும் தானே கொடுத்தாள். தகப்பன் பக்கத்தில் நின்றார். என் முறை வந்ததும் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது அம்மா, அன்ரி," என்றாள்.