தாவா தீர்ந்துபோச்சு

எங்கள் வீட்டில் சாமி பெயருக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபட்ட வார்த்தை 'தாவா'. வாய்க்கால் ஓரத்தில் இருந்த ஒரு துண்டு நிலத்துக்காகப் பெரியப்பா பதினோரு வருடமாகக் கோர்ட்டில் தாவா நடத்திவந்தார். நடவைக்கூடத் தள்ளிப் போடுவார், வாய்தாவுக்குப் போகத் தவறமாட்டார். பத்து வயதில் நான் பயந்தது இரண்டுக்குத்தான்: பாம்பு, தாவா.

அப்பா தான்சானியாவில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். ஊரில் மற்றவர்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில் இவர் மட்டும் ஆப்பிரிக்காவுக்குப் போனதில் பெரியப்பாவுக்கு வருத்தம். சிங்கம் இருக்கிற ஊராயிற்றே. ஞாயிறு காலையில் கடைத்தெரு டெலிபோன் பூத்துக்கு அப்பா பேசுவார். ஏதோ அவர் எங்களை நேரில் பார்க்கப்போகிற மாதிரி, குளித்துத் தலைவாரிக்கொண்டு போய்க் காத்திருப்போம்.

அந்த மார்கழியில் ஒரு ஞாயிறு, ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பிய அம்மாவின் முகம் வெளிறியிருந்தது. லைன் ஒரே கரகரப்பு. அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "தாவா... அதிகாரிங்களப் பாத்துப் பாத்து... பொங்கலுக்கு வர முடியாது..."

"கண் காணாத தேசத்துல போய் வம்புல மாட்டிக்கிட்டானே!" என்றார் பெரியப்பா. கவலைதான். ஆனாலும் விஷயம் தனக்குத் தெரிந்த துறைக்குள் வந்துவிட்டதில் ஒரு மிடுக்கும் இருந்தது. மறுநாளே வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயிலில் அப்பாவுக்கு இட்லி கொடுப்பார்களா என்று கேட்டு நான் அடி வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு மணி அடித்ததும் பெரியப்பாவே ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். நானும் எம்பி அதில் காதை ஒட்டிக்கொண்டேன்.

"தம்பி, தாவா தீர்ந்துச்சா?"

"தீர்ந்து மூணு வாரம் ஆச்சுண்ணே. ரொம்பத் தவிச்சுப் போயிட்டோம்."

"தீர்ந்ததுக்கு எதுக்குடா தவிக்கணும்? யாருக்குச் சாதகம்?"

 அப்பா சிரித்த சிரிப்பு பூத்துக்கு வெளியிலும் கேட்டிருக்கும்.

"ஐயோ, மருந்துண்ணே! இங்க மருந்துக்குத்தான் தாவான்னு பேரு. நாள் பூரா அதையே சொல்லிச் சொல்லி வாய்ல ஒட்டிக்கிச்சு. மழையில பாலம் உடைஞ்சு இத்தனை நாள் மருந்து லாரி வரல."

"அட, மருந்துதானா!" என்றார் பெரியப்பா. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பூத்காரருக்கும் சேர்த்துப் பன்னீர் சோடா வரவழைத்தோம்.  அப்பாவுக்கு ஒன்றுமில்லை. உலகத்தில் யாருக்குமே ஒன்றுமில்லை என்று தோன்றியது.

ரிசீவர் என் கைக்கு வந்தது. "மருந்து இல்லாட்டி நீங்க என்னப்பா செய்வீங்க?"

"சன்னல மூடிட்டு உள்ள உக்காந்திருப்பேம்மா."

நல்ல வேலையாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

"வெளிய பிள்ளைங்கள இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறவங்க போகவே மாட்டாங்க. நேத்து லாரி வந்துடுச்சும்மா. உன் வயசுல ஒரு பொண்ணு, அதுக்குத்தான் மொதல்ல கொடுத்தேன். காலையில காய்ச்சல் விட்டுடுச்சு. எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேட்டுச்சு..."

அதற்கப்புறம் வார்த்தை வரவில்லை. விட்டுவிட்டு ஏதோ ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஒரு லாரி வந்து சேர்ந்ததற்காக ஒரு மனிதர் அழுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"லைன் சரியில்லம்மா" என்று ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் பங்குச் சோடாவைக் குடிக்கப் போனேன்.