லக்கல வயலோரத்துக் கல்

காலை 6.30. மாத்தளையிலிருந்து லக்கல பஸ். கட்டணம் இருநூற்று இருபது ரூபாய். தூரம் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். நான் வாணியம்பாடிக்காரன். வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ். ஆங்கிலம் ஒட்டவே இல்லை. மிளகு வாங்க இலங்கைக்கு வந்த இடத்தில் ஒரு நாள் மிச்சமானதால் ஊர் பார்க்கக் கிளம்பினேன். மலை வளைவுகளில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. முகர்ந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே வைத்திருந்தேன்.

பகல் 12.00. வயலோரத்தில் பாதி புதைந்த பழைய கல் ஒன்று, மேலே ஏதோ எழுத்து. பாசியைத் தேய்த்தபடி, என் வழக்கப்படி உருதுவில் எனக்குள் பேசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வரப்பில் ஏழெட்டுப் பேர். சிங்களம் தெரியாததால் சிரித்து வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

ஊருக்குள் நடந்தபோது கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. நாய்கூடக் குரைக்கவில்லை. ஒரு தாய் வாசலில் விளையாடிய குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். வரப்பில் நின்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். நான் நின்றால் நின்றார்கள், நடந்தால் நடந்தார்கள். உயிரோடு பஸ் ஏறுவேனா என்று பயந்துபோனேன்.

பிற்பகல் 2.00. பஸ் நிறுத்தத்தில் ஒரு முஸ்லிம் பெண், ஐந்து வயது மகளோடு. இங்கே ஆங்கிலம் படிப்பிக்கும் மாத்தளை ஆசிரியை. யார் என்று தமிழில் கேட்டார், மிளகு வாங்க வந்தவன் என்றேன். கூட்டத்தோடு சிங்களத்தில் பேசிவிட்டுத் திரும்ப என்னிடம் வந்தார்.

“ஒங்க மேல சஸ்பிஷன், நானா.” அண்ணனை இங்கே நானா என்கிறார்கள்.

“அப்படின்னா?”

“சந்தேகம்.”

உருதுவில் ‘ஷக்’ என்போம். ஆங்கிலத்தில் அதன் பெயரை அன்றுதான் அறிந்தேன்.

“கல்லுகிட்ட நின்னு வெளங்காத பாஷையில ஓதினீங்களாம். கையில தேசிக்காய் வேற. பொதையல் எடுக்க வந்த மந்திரக்காரன்னு நெனச்சிட்டாங்க. அதுக்குப் பிள்ளைகள பலி குடுப்பாங்கன்னு இங்க ஒரு பயம்.”

தேசிக்காய் என்றது என் எலுமிச்சம்பழத்தை. மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன் நான். பழத்தைப் பைக்குள் போட்டேன்.

“மிளகு யாவாரின்னு சொல்லிட்டேன். பயப்படாம ஏறுங்க.”

பஸ்ஸில் தாயும் மகளும் எனக்கு முன் இருக்கையில். நன்றி சொல்லத் தெரியாமல் பிள்ளையிடம் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். அவளும் கை நீட்டினாள்.

“அவ சாப்பிட்டுட்டா, நானா,” என்று ஆசிரியை சிரித்தார். பிறகு மகளைத் தூக்கி என் கைக்கு எட்டாத ஜன்னலோரத்தில் உட்காரவைத்து, முக்காட்டின் முனையால் அவள் முகத்தை மூடினார்.

கோபப்பட முடியவில்லை, என்னைக் காப்பாற்றியவர் அவர்தான். மாத்தளை வரும்வரை உருதுவில் ஒரு சொல்கூட எனக்குள் பேசிக்கொள்ளவில்லை.