தொட்டியை மறைத்த கொடி

மேஸ்திரி கட்டிய செப்டிக் டேங்க் கசிந்து கிணற்றில் கலந்துவிட்டது, அந்தமானின் ஹேவ்லாக் தீவில் எங்கள் ரிசார்ட்டில் இருக்கும் அத்தனை பேரும் வெள்ளிக்கிழமைக்குள் காலராவில் போய்விடுவோம் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. ஒரே காலையில் ஆறு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் குடித்தேன். எனக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா என்றால், இல்லை. வந்தபின் குடிப்பது சாதாரண ஜனங்கள் செய்கிற காரியம். நான் வருவதற்கு முன்பே குடித்து, குடித்ததாலேயே வரவழைத்துக்கொண்டவன். மதியம் வயிறு நிஜமாகவே கலங்கியபோது, “பாத்தீங்களா, சொன்னேன்ல?” என்று சமையல்கட்டில் போய் வெற்றி முகத்தோடு அறிவித்தேன்.

அப்போது அந்த ரிசார்ட்டின் தோட்டம் என் பொறுப்பில் இருந்தது. போர்ட் பிளேரில் துணி விற்கும் குடும்பம் எங்களுடையது. துணியில் அச்சடித்த பூ போதாதென்று நிஜப் பூவைத் தேடிப் போனவன் அதில் நான் ஒருவன்தான். மேஸ்திரி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் மீன்பிடிக்க, இவருக்கு மட்டும் படகேறினால் வாந்தி வரும். அதனால் கொத்தனார் கரண்டி பிடித்தார். மனைவியும் இரண்டு பெண்களும் லாங் ஐலண்டில் இருந்தார்கள். இவர் வேலை கிடைக்கும் தீவெல்லாம் அலைந்து, மாதம் ஒருமுறை வாந்தி எடுத்தபடியே கப்பலில் வீட்டுக்குப் போவார். அந்த வருஷம் எங்கள் மேனேஜர் மேடம் எட்டுப் புதுக் காட்டேஜ் கட்டும் வேலையை அவருக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். தொடர்ந்து இரண்டு வருஷ வேலை. குடும்பத்தை ஹேவ்லாக்குக்கே கொண்டுவந்துவிடலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார்.

அவர் கட்டிய முதல் தொட்டி, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், புல்வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் அமைந்துவிட்டது. அதை மறைக்கச் சொல்லி மேடம் உத்தரவிட்டார். வெயில் ஊர்த் தோட்டக்கலையில் பாதி இதுதான். அசிங்கத்தின்மேல் பூவைப் படரவிடுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். ஜெனரேட்டர் ஷெட்டுக்கு அலமண்டா, குப்பைக் குழிக்குக் காகிதப்பூ, ஊழியர் கழிப்பறைக்கு ரங்கூன் மல்லி என்று ஏற்கெனவே மறைத்து முடித்திருந்தேன். தொட்டிக்கு யாரிடமும் இல்லாத ஒரு கொடி வேண்டும் என்று எனக்குத் திமிர்.

போர்ட் பிளேர் லம்பா லைனில் ஒரு பங்களா வேலியில் அதைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பூ, விரிந்து இரண்டு நாள் ஆகியிருந்ததோ என்னவோ, மணமும் இல்லை, நாற்றமும் இல்லை. எங்கள் தீவுகளில் செடிக்குப் பேர் கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டு வாங்கின குச்சி பிடிக்காது, கிள்ளிக்கொண்டு வந்ததுதான் தழைக்கும்; தமிழன், வங்காளி, தெலுங்கன் எல்லாரும் ஒற்றுமையாக நம்புகிற ஒரே விஷயம் அது. நானும் நான்கு கணுவைக் கிள்ளினேன். உள்ளேயிருந்து காவலாளி இந்தியில் என்னவோ கத்திக்கொண்டு ஓடிவந்தார். திருடன் என்கிறார் என்று நினைத்து நானும் ஓடினேன். ஈரச் சாக்கில் சுற்றிக் கப்பலில் கொண்டுபோய்த் தொட்டி ஓரத்தில் நட்டேன். ஒரே மழைக்காலத்தில், தொட்டிக்கு மேலே போட்டிருந்த இரும்புப் பந்தலை மூடிவிட்டது.

அந்தப் பூவை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. கழுவாத ஆட்டுக் குடலை விரித்துக் காயப்போட்டது போல ஊதாவும் சிவப்புமாய் நரம்போடிய சதை. நடுவில் கறுத்த தொண்டை. கீழே முழ நீளத்துக்கு ஒரு வால். ஊரில் ஆடுதின்னாப்பாளை என்று ஒரு செடி உண்டே, ஆடுகூட வாய் வைக்காது, அதன் பணக்காரச் சொந்தக்காரன் இது என்று மிகப் பிந்தித்தான் அறிந்தேன். அப்போதோ அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பினேன்.

முதல் பூக்கள் விரியத் தொடங்கிய வாரத்தில்தான் நாற்றமும் தொடங்கியது. செத்த எலியும் அழுகின மீனும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற நாற்றம். ஈக்கள் கூட்டங்கூட்டமாய்த் தொட்டியின்மேல் மொய்த்தன. தொட்டி இருக்கும் இடத்தில் நாறினால் உலகத்தில் எவன் பூவைச் சந்தேகப்படுவான்? பிளீச்சிங் பவுடர் போட்டேன். மறுநாள் நாற்றம் இல்லை. மூன்றாம் நாள் திரும்ப வந்தது. பினாயில் ஊற்றினேன்; போயிற்று. பிறகு சுண்ணாம்பு. ஒவ்வொரு தடவையும் என் வைத்தியம் பலித்து, ஒவ்வொரு தடவையும் நோய் திரும்பியது. வெள்ளிக்கிழமை புல்வெளியில் மெயின்லேண்டிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வர இருந்தது. மேடத்திடம் போய், தொட்டி கசிகிறது என்று நான்தான் சொன்னேன்.

மேஸ்திரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. “பாய், நா கட்டுன டங்கி ஒரு சொட்டு விடாது. மொதல்ல ஒம்ம மூக்க சர்வீசுக்கு விடும்” என்றார். சொன்னாலும், அந்தப் பக்கத்துக் காட்டேஜ்களைக் காலி செய்யச் சொல்லி, மோட்டார் வைத்துத் தொட்டியை இறைத்து, இரண்டு தடவை கழுவி, நல்ல தண்ணீரை நிரப்பினார். தண்ணீர் நின்ற மட்டத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். புதன்கிழமை காலை பார்த்தபோது தண்ணீர் கோட்டைவிட்டு இம்மியும் இறங்கவில்லை. ஆனால் நாற்றம் ஆளைத் தூக்கியது.

மேஸ்திரி குனிந்து அந்தத் தொட்டித் தண்ணீரையே இரண்டு கையாலும் அள்ளி முகம் கழுவினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அன்று காலையும் குடித்திருந்த ஓ.ஆர்.எஸ். முழுதும் வெளியே வந்தது.

“வாந்தி எடுக்கது என் தொழில்லா பாய், நீரு ஏன் எடுக்கீரு?” என்று சிரித்தவர், ஈக்கள் போகிற வழியைப் பார்த்தார். அவை தொட்டிக்குள் போகவில்லை. பந்தலுக்கு ஏறி, அன்று விரிந்திருந்த பூவின் தொண்டைக்குள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஏணி வைத்து ஏறி, அதைப் பறித்து வந்து என் மூக்கில் வைத்தார்.

“இந்தாரும். ஒம்ம காலரா.”

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விரிந்த அன்றைக்கு நாறும், மறுநாள் அடங்கும், அடுத்த மொட்டு விரிந்தால் திரும்ப நாறும். லம்பா லைன் காவலாளி கத்தியதும் இதைத்தானோ என்னவோ. என் பிளீச்சிங் பவுடர், பினாயில், சுண்ணாம்பு எல்லாம் மறுநாளின் புண்ணியத்தில் பிழைத்தவை. மேடம் போர்ட் பிளேர் போயிருந்தார். நாளைக் காலையில் வந்ததும் சொல்லிவிடுவோம் என்றார் மேஸ்திரி. நானும் தலையாட்டினேன்.

வியாழன் காலை மேடம் வந்தார். மேஸ்திரி அந்தப் பூவை வாளிக்குள் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்து நீட்டினார். அது வாடி, ஒரு நாற்றமும் இல்லாமல் கிடந்தது. பந்தலில் அன்றைக்கென்று ஒரு மொட்டும் விரியவில்லை. மேடம் முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “க்யா பாய், ஃபூல் ஸே பத்பூ?” என்றார். பூவிலிருந்து நாற்றமா என்று கேட்கிறார். கூட நான்கு பேர் நின்றிருந்தார்கள். மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நாள் பொறுங்கள், அடுத்த மொட்டைக் காட்டுகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் வாய் போய் நிற்கும்.

“மேடம், பூ நாறுதுன்னா, அப்ப மேஸ்திரியோட டங்கிதான் மணக்குதா?” என்றேன் இந்தியில்.

எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். தொட்டியை இறைத்துக் கழுவியதும் நாற்றம் நின்றதே, அப்படியானால் கோளாறு தொட்டியில்தானே என்று அவரே கணக்கை முடித்துவிட்டார். மேஸ்திரி வாளியை எடுத்துக்கொண்டு, “சரி பாய்” என்றார்.

இப்போது போர்ட் பிளேரில் சின்னதாக ஒரு நாற்றுக்கடை வைத்திருக்கிறேன். அந்தப் பூவின் படத்தைப் போனில் காட்டி, இது கிடைக்குமா என்று யாராவது மாதம் ஒருவர் வருகிறார்கள். இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன். அந்தப் பூவைவிட அசிங்கமாக நாறிய ஒன்று அன்று அங்கே சட்டை போட்டு நின்றதை அவர்களிடம் சொல்வதில்லை.

அந்த வியாழன் மதியம், கல்யாணக் கூட்டம் வருவதற்கு முன்பே, அந்தக் கொடியை நானே வேரோடு பிடுங்கி எரித்தேன். அதன்பின் அங்கே நாறவே இல்லை; தொட்டியைக் கழுவியதால்தான் என்று மேடமும் நம்பிவிட்டார். எட்டுக் காட்டேஜையும் மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு காண்ட்ராக்டர் கட்டினார். மேஸ்திரி சனிக்கிழமைக் கப்பலில் லாங் ஐலண்டுக்குப் போனார். ஹேவ்லாக்குக்குத் திரும்ப வரவில்லை.