ஐந்தருவியில் தடை போட்ட மத்தியானம்

நான் ஆய்வு மாணவியாக இருந்த மூன்றாவது வருடம், அந்தப் பெரிய வேளாண் அறிவியல் மாநாடு குற்றாலத்தில் நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் வைத்தால் கூட்டத்துக்குப் பஞ்சம் இருக்காது என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்திருக்க வேண்டும். கூட்டம் வந்தது. ஆனால் அது மாநாட்டுக்கு வந்ததா, அருவிக்கு வந்ததா என்பது முதல் நாள் காலையிலேயே சந்தேகமாகிவிட்டது. கழுத்தில் அடையாள அட்டையும் தலையில் ஈரமுமாகத்தான் பாதிப் பேர் அரங்கத்துக்குள் நுழைந்தார்கள்.

எனக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். எங்கள் ஊர்ச் சூரியகாந்தியைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள், பூவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பூ காய்ந்த பிறகு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. காய்ந்த தலையை உதிர்த்தால் பல வயல்களில் பாதிக்குப் பாதி பொக்கு. தோடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. அது ஏன் என்பதுதான் என் ஆய்வு. ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து அடிக்கிற மேல்காற்றில் தேனீயால் பூவில் நின்று வேலை செய்ய முடியவில்லை. மேற்கு வரப்பில் நெருக்கமாகச் சோளம் போட்டிருந்த வயல்களில் காற்று தணிந்தது, தேனீ வந்தது, விதை பிடித்தது. மூன்று பருவம் வெயிலில் நின்று நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

காலையில் முதல் உரை ஒரு மூத்த விஞ்ஞானியுடையது. சூரியகாந்தி என்றால் எங்கள் துறையில் எல்லாரும் முதலில் சொல்வது அந்த அம்மாவின் பெயரைத்தான். பெரிய திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார். அதில் எங்கள் மாவட்டம் அடர் சிவப்பாக இருந்தது. "இந்தப் பகுதியில் விதை பொக்காவதற்கு மண்ணில் போரான் சத்துக் குறைவுதான் காரணம். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கைதட்டல் எழுந்தது.

கேள்வி நேரத்தில் என் கை பாதி வரை உயர்ந்தது. பிறகு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த என் வழிகாட்டி அதைக் கவனித்துவிட்டார். "விடும்மா. மத்தியானம் போஸ்டர் பக்கம் வந்தாங்கன்னா பேசிக்கலாம்" என்றார். அந்த அரங்கத்தில், என் சொந்த ஊர் வயலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை என்னாலேயே சொல்ல முடியவில்லை. அந்த அவமானத்தோடுதான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன்.

சாப்பிடும் இடத்தில் ஒரே பேச்சு, ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று. இலையை மடக்கிய கையோடு பாதி மாநாடு வேன் ஏறிவிட்டது. அவரவர் ஆய்வைச் சுருக்கி அச்சடித்த போஸ்டர்களை நீளமான ஒரு கொட்டகையில் வரிசையாக ஒட்டியிருந்தோம். என்னுடையது கடைசி வரிசை, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். முக்கால் மணி நேரத்தில் என்னிடம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கை கழுவினார். மற்றவர் செல்போனுக்குச் சார்ஜ் போட எங்கே இடம் இருக்கிறது என்று கேட்டார்.

அப்போதுதான் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். நான் ஆய்வு செய்த வயல்களில் பெரியது அவருடையது. போஸ்டருக்குப் பக்கத்தில் வைக்க, சோள மறைப்புக்குப் பின்னால் விளைந்த தலை ஒன்று, காற்றடிக்கிற பக்கத்தில் விளைந்த தலை ஒன்று என்று இரண்டு காய்ந்த தலைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையில், வியர்த்து வந்தார்.

"வாசல்ல ஒருத்தன் உள்ள விடமாட்டேங்குதான். ஏலே, என் வயலப் பத்தித்தாம்லே உள்ள பேசுதாவன்னேன். அப்புறந்தான் விட்டான்" என்றவர் கொட்டகையைச் சுற்றிலும் பார்த்தார். "என்னட்டி, ஆளயே காணோம்?"

"எல்லாரும் குளிக்கப் போயிட்டாவ, அண்ணாச்சி."

"படிச்சவங்க அப்படித்தான் போவாவ" என்று சொல்லி, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் போஸ்டருக்குக் காவல் போல உட்கார்ந்துகொண்டார்.

சிறிது நேரத்தில் மலை இருண்டது. எங்களுக்கு இங்கே சாரல்தான். மேலே கொட்டியிருக்க வேண்டும். அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து, போலீஸ் விசில் அடித்து எல்லாரையும் வெளியேற்றி, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். போன வேன்கள் அத்தனையும் திரும்பின. காய்ந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, போக்கிடம் இல்லாத ஒரு மாநாடே மழைக்கு ஒதுங்க எங்கள் கொட்டகைக்குள் வந்தது. வந்தவர்கள் என்ன செய்வார்கள்? போஸ்டரைப் படித்தார்கள். என் முன்னால் ஆறேழு பேர் நின்றார்கள். நான் திரும்பத் திரும்ப விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் காலையில் பேசிய அந்த அம்மா நிற்பதைப் பார்த்தேன். அருவி கிடைக்காத எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது.

போஸ்டரை முழுக்கப் படித்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். "சோளம் காற்றைத் தடுத்தால் மண் ஈரம் சீக்கிரம் காயாது. ஈரம் இருந்தால் வேர் போரானை நன்றாக எடுக்கும். உன் சோளம் தேனீக்கு உதவியது என்று எப்படிச் சொல்கிறாய்? என் போரானுக்கு உதவியிருக்கலாமே?"

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நல்ல கேள்வி. ஒரு வருடத்துக்கு முன்பு நானே என்னைக் கேட்டுத் தூக்கம் கெட்ட கேள்வி. அதனால் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அது போஸ்டரில் இல்லை.

"காற்றடிக்கிற பக்கத்தில் ஒரு வரிசைப் பூக்களை மட்டும், காலை நேரத்தில் மெல்லிய துணியால் நானே ஒற்றி விட்டேன், மேடம். தேனீ செய்ய வேண்டிய வேலையைக் கையால் செய்தேன். மண் அதே காய்ந்த மண். போரானும் அதேதான். அந்த வரிசையில் மட்டும் விதை நிறைந்தது."

"அது ஏன் இங்கே இல்லை?"

"ஒரே ஒரு வரிசைதான், மேடம். போதாதென்று விட்டுவிட்டோம்."

கூட்டத்தோடு வந்து நின்றிருந்த என் வழிகாட்டி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து வயல் நோட்டை எடுத்து, அந்தப் பக்கங்களைத் திறந்து நீட்டினேன். சேறும் மகரந்தமும் ஒட்டிய பக்கங்கள். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். அண்ணாச்சிக்கு எங்கள் ஆங்கிலம் புரியவில்லை. ஆனால் போரான் என்ற சொல் காதில் விழுந்துவிட்டது.

"அம்மா, அந்தப் போரானத்தான் போன வருசம் வயலு பூரா அடிச்சேன்" என்றார். "சோளத்துக்குப் பின்னால நல்லாத்தான் வந்துச்சு. வெளிப்பக்கம் பொக்குதான். இந்தா, நீங்களே பாருங்க."

இரண்டு தலைகளையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மா சட்டென்று தமிழுக்கு மாறினார். "எந்தத் தலை எந்தப் பக்கம்னு சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, கட்டைவிரலால் விதைகளை உதிர்த்து நசுக்கிப் பார்த்தார். ஒன்றில் ஒவ்வொரு விதையும் கெட்டியாக நின்றது. மற்றதில் தோடு நொறுங்கி நொறுங்கிப் போனது. கூட்டம் நெருங்கி வந்து பார்த்தது.

கெட்டியான தலையை நீட்டி, "இதுதானே சோளத்துப் பக்கம்?" என்று அவர் கேட்டதற்கு அண்ணாச்சி தலையாட்டினார். பிறகு நோட்டை இன்னொரு முறை புரட்டிவிட்டு, மூடி என்னிடம் கொடுத்தார்.

"ஒரு வரிசைன்னு எழுதியே ஒட்டியிருக்கணும். இதுதானே உன் ஆய்வுல முக்கியமான வரிசை?"

"ஆமா, மேடம்."

"காலையில நான் பேசும்போது ஏன் எழுந்திருக்கல?"

"பயம், மேடம்" என்றேன். வேறென்ன சொல்வது?

சாயங்காலம் அன்றைய நிறைவு அமர்வுக்கு அவர்தான் தலைமை. தடை இன்னும் நீங்கவில்லை. அரங்கம் நிரம்பி, பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "காலையில் நான் காட்டிய வரைபடத்தில் இந்த மாவட்டத்துக்கு அவசரப்பட்டு நிறம் பூசிவிட்டேன். சந்தேகத்துக்கு இடமில்லை என்றும் சொன்னேன். இடம் இருக்கிறது. அதைக் காட்டிய பெண் இங்கேதான் இருக்கிறாள். ஐந்து நிமிடம் பேசட்டும்" என்றார்.

மேடைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. கைக்கு ஒன்றாக அந்த இரண்டு சூரியகாந்தித் தலைகளும் இருந்தது நினைவிருக்கிறது. முதல் வாக்கியத்தில் என் ஆங்கிலம் இடறியது. இரண்டாவதில் தேனீயைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்; அதற்குப் பிறகு இடறவில்லை. காற்று, சோளம், துணியால் ஒற்றிய அந்த ஒரு வரிசை என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வரிசை போதாது, அடுத்த பருவம் பல வயல்களில் செய்து பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். கைதட்டல் தொடங்கியபோது அது எனக்குத்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நடுவில் எங்கேயோ ஒரு நீளமான விசில். ஆய்வு மாநாட்டில் விசிலடிக்கக்கூடியவர் எனக்குத் தெரிந்து அண்ணாச்சி ஒருத்தர்தான்.

இறங்கியதும் என் வழிகாட்டி கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வரிசையை விட்டுடலாம்னு சொன்னது நான்தான். தப்பு" என்றார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் என்னோடு பேசியவர்களின் பெயரையெல்லாம் எழுதிவைக்க நோட்டில் இடம் போதவில்லை. ஒரு ஒடிசாக்காரர் தங்கள் கடலோரக் காற்றைப் பற்றிக் கேட்டார். கர்நாடகத்திலிருந்து வந்த இரண்டு மாணவிகள் துணியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று செய்து காட்டச் சொன்னார்கள். அந்த அம்மா கடைசியாக வந்து, அடுத்த பருவம் மண் பரிசோதனையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், தேனீயை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை பிரதிநிதிகளைத் தென்காசிக் கோவிலுக்கு அழைத்துப் போவதாகத் திட்டம். எங்கள் வயலைப் பார்க்க வேண்டும் என்று பலர் கேட்டதால், இரண்டு வேன்கள் மட்டும் சுந்தரபாண்டியபுரத்துக்குத் திரும்பின. முதல் வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து வழி சொன்னது நான். வரப்பில் அண்ணாச்சி சலவை மடிப்பு கலையாத வேட்டியில் நின்றிருந்தார். இறங்கியவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, என் காதோரம் வந்தார்.

"எட்டி, எல்லாத்துக்கும் காப்பி போடச் சொல்லிட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் இங்கிலீசுல சொல்லிரு. எவரும் பூவப் பறிக்கக்கூடாது."

நான் வரப்பின் மேல் ஏறி நின்று, அத்தனை விஞ்ஞானிகளுக்கும் முன்னால், குரல் நடுங்காமல் அதைச் சொன்னேன்.